வெறும் வயிறா, இட்லிக்குப் பிறகா? புரோஸ்டேட் புற்றுநோய் மருந்தும் கொழுப்பமிலங்களும்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையைச் சுற்றி இருக்கிற மருந்துக் கடைகளில், புரோஸ்டேட் புற்றுநோய் மாத்திரையான அபிராடெரோன் வாங்க வருகிறவர் பல நேரம் நோயாளியின் மகனோ மருமகளோதான். டப்பாவைக் கையில் வாங்கியதும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணாச்சி, இத சாப்பிட்டுட்டுப் போடணுமா, வெறும் வயித்துலயா?” எல்லா மாத்திரைக்கும் கேட்கிற கேள்விதான். பாராசிட்டமாலுக்கு எந்தப் பதில் சொன்னாலும் பெரிய நஷ்டமில்லை. அபிராடெரோனுக்குத் தவறான பதில் சொன்னால், உடம்பில் சேருகிற மருந்து பத்து மடங்கு வரை மாறிவிடும். அந்தப் பத்து மடங்குக்குக் காரணம் தட்டில் இருக்கிற கொழுப்பு.

கொழுப்பின் அடிப்படைத் துண்டுகளான கொழுப்பமிலங்களை ஏற்கெனவே உள்ள மருந்துகளோடு சேர்த்து புரோஸ்டேட் புற்றுநோயைக் கட்டுப்படுத்தலாம் என்ற ஆராய்ச்சிச் செய்தி அடிக்கடி வருகிறது. அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும்போது “மீன் எண்ணெய் மாத்திரை கேன்சருக்கு நல்லது” என்று சுருங்கிவிடுகிறது. அப்பாவுக்கு நல்லது என்று நினைத்து நாலு டப்பா வாங்கி வைத்துவிடுகிறார்கள். எந்தக் கொழுப்பமிலம், எந்த மருந்தோடு, எந்த வேளையில் என்ற மூன்றும் தெரியாமல் இதில் நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒரே கொழுப்பு ஒரு மருந்துக்குத் துணையாகவும் இன்னொன்றுக்குத் தடையாகவும் நிற்கும்.

இன்றைக்கே நம் வீட்டில் நடந்துகொண்டிருப்பதிலிருந்து தொடங்கலாம்.

அபிராடெரோனும் காலைச் சாப்பாடும்

அபிராடெரோன் தண்ணீரில் கரையாத, கொழுப்பில் கரைகிற மருந்து. வழக்கமான அளவு 1000 மி.கி.; அதாவது 250 மி.கி. மாத்திரை நாலு, அல்லது 500 மி.கி. இரண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் அதில் சிறு பகுதிதான் இரத்தத்தில் சேரும். மிச்சம் மலத்தோடு போய்விடும். கொழுப்புள்ள சாப்பாடு உள்ளே போனால் பித்தநீர் சுரக்கிறது. பித்த உப்பும், செரித்த கொழுப்பமிலங்களும் சேர்ந்து நுண்ணிய துளிகளாகின்றன. மருந்து அந்தத் துளிகளுக்குள் கரைந்து குடல் சுவரைத் தாண்டுகிறது. மருந்து நிறுவனத்தின் சோதனையில் 300 கலோரி, அதில் 7 சதவீதம் கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு கொடுத்தபோது உடம்பில் சேர்ந்த மொத்த மருந்து 5 மடங்கு ஏறியது. 825 கலோரி, 57 சதவீதம் கொழுப்பு என்றபோது 10 மடங்கு. இரத்தத்தில் அதன் உச்ச அளவு மட்டும் 17 மடங்கு.

இதைக் கிராமாக மாற்றிப் பார்த்தால் நம் அடுக்களைக்குப் புரியும். முதல் சாப்பாட்டில் கொழுப்பு ஏறக்குறைய 2 கிராம். இரண்டாவதில் 50 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மூன்று இட்லியில் கொழுப்பு மிகக் குறைவு, ஒரு கிராம் அளவுதான். அதே இட்லிக்கு மிளகாய்ப் பொடி வைத்து, நடுவில் குழித்து, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினால் அந்த எண்ணெய் மட்டுமே 14 கிராம் கொழுப்பு. தேங்காய்ச் சட்னி தனிக் கணக்கு. மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி ஊற்றினால், முதல் பால் 100 மி.லி.யில் ஏறக்குறைய 20 கிராம் கொழுப்பு. நெய் சொட்டுகிற அல்வாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நாள் இட்லி சாம்பார், மறுநாள் பூரி மசால், அதற்கடுத்த நாள் நெய்ப் பொங்கல் என்று மாறி மாறிச் சாப்பிட்டு மாத்திரையும் கூடவே போட்டால், நாள்தோறும் வேறு வேறு அளவு மருந்து எடுத்த கணக்கு.

அதனால்தான் விதி: மாத்திரைக்கு முன் 2 மணி நேரம், பின் 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. பால் சேர்த்த காப்பியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். காலையில் எழுந்ததும் காப்பி இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தொந்தரவு. ஐந்தரை மணிக்கு மாத்திரையைத் தண்ணீரில் முழுசாக விழுங்கி, ஆறரைக்குக் காப்பி, ஏழரைக்கு இட்லி என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாது என்றால் எட்டு மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்துப் பத்தரைக்குப் போடலாம். எந்த நேரம் என்பது முக்கியமில்லை. தினமும் அதே நேரம், அதே நிலை என்பதுதான் முக்கியம். மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

கூடவே எழுதித் தருகிற பிரெட்னிசோலோன் 5 மி.கி. மாத்திரைக்கு நேர்மாறான விதி: அது சாப்பாட்டுக்குப் பிறகு. நிலைமையைப் பொறுத்து நாளுக்கு ஒன்றோ இரண்டோ. “ஸ்டீராய்டு உடம்புக்கு ஆகாது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு இதை மட்டும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது ஆபத்து. அபிராடெரோன் அட்ரீனல் சுரப்பியில் கார்ட்டிசால் உற்பத்தியையும் அடைக்கிறது. உடனே மூளை அந்தச் சுரப்பியை இன்னும் அதிகமாக விரட்டுகிறது. விளைவாக, உப்பைத் தேக்குகிற வேறு ஹார்மோன்கள் பெருகுகின்றன. ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் இறங்கும். அந்தச் சிறு மாத்திரை இதைத் தடுக்கத்தான். முதல் மூன்று மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனை, மாதந்தோறும் ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது.

குழப்பம் கூடுவதற்கு இன்னொரு காரணம், இதே நோய்க்கு வரும் மற்ற மாத்திரைகளின் விதி வேறு. டாரோலூட்டமைடைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பாதி மருந்துகூட உள்ளே சேராது. என்சாலூட்டமைடுக்கும் அபாலூட்டமைடுக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. ஒரே பஸ்ஸில் ஹைகிரவுண்டுக்கு வருகிற இரண்டு பேர் பேசிக்கொண்டு, ஒருவர் விதியை மற்றவர் எடுத்துக்கொண்டால் சிகிச்சையே தடம் மாறிவிடும்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலித்தனமான ஆராய்ச்சி நடந்தது. கொழுப்பு மருந்தை இழுத்துக்கொண்டு போகிறது என்றால், மருந்தைக் குறைத்துச் சாப்பாட்டோடு கொடுத்தால் என்ன? சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் 72 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வெறும் வயிற்றில் 1000 மி.கி.; மறு பாதிக்குக் கொழுப்புக் குறைந்த காலைச் சாப்பாட்டோடு 250 மி.கி. 2018-ல் வெளிவந்த முடிவில், நோயின் போக்கைக் காட்டுகிற பி.எஸ்.ஏ. என்ற இரத்த அளவு இறங்கியதில் குறைந்த அளவு வாங்கியவர்கள் பின்தங்கவில்லை. நோய் மறுபடி முன்னேறும் வரையான காலம் இரு பக்கமும் சுமார் 9 மாதம். கால் பங்கு மாத்திரை என்றால் கால் பங்குச் செலவு. கையிலிருந்து காசு போட்டு மருந்து வாங்குகிற குடும்பத்துக்கு இது சிறிய விஷயமில்லை. இந்த முறையை அமெரிக்கச் சிகிச்சை வழிகாட்டி ஒன்றும் மாற்று வழியாக ஏற்றிருக்கிறது.

ஆனால் 72 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆயுள் நீளுமா என்று அந்தச் சோதனை பார்க்கவில்லை. இதைச் செய்வதென்றால் மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். செய்யத் தொடங்கினால், காலைச் சாப்பாடு தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: இட்லி அல்லது இடியாப்பம், எண்ணெய் மிதக்காத சாம்பார், அவ்வளவுதான். “நாலு மாத்திரையையும் சாப்பாட்டோடு போட்டால் இன்னும் நல்லா வேலை செய்யுமே” என்று தானாக முடிவெடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பிழை. அப்படி ஏறுகிற அளவு பாதுகாப்பானது என்று உறுதிப்படவில்லை.

ஊசி மருந்தின் உள்ளேயும் எண்ணெய் இருக்கிறது

மருந்தும் கொழுப்பமிலமும் சேர்வது புதுச் செய்தி போலத் தோன்றும். டோசிடாக்செல் என்ற கீமோ ஊசி போட்டுக்கொண்டவர் உடம்பில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. அந்த மருந்தும் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்க்கிற பாலிசார்பேட் 80 என்பது, நம் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைய இருக்கிற ஓலிக் அமிலத்திலிருந்து செய்யப்படுவது. ஊசி ஏறும்போது சிலருக்கு முகம் சிவந்து மூச்சுத் திணறுவதிலும், பல சுற்றுகளுக்குப் பிறகு கால் வீங்குவதிலும் இந்தக் கரைப்பானுக்குப் பங்கு உண்டு. ஊசிக்கு 12 மணி, 3 மணி, 1 மணி நேரத்துக்கு முன் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 8 மி.கி. எழுதித் தருவது அதற்காகத்தான். முந்தின நாள் இரவு மாத்திரையை மறந்துவிட்டு, காலையில் வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ பஸ் ஏறி வந்துவிட்டால், வந்தவுடன் நர்சிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் ஆபத்து நோயாளிக்குத்தான்.

என்சாலூட்டமைடின் மென்மையான கேப்சூலுக்குள் மருந்தைக் கரைத்து வைத்திருப்பதும், தேங்காயெண்ணெயிலும் இருக்கிற நடுத்தர நீளமுள்ள கொழுப்பமிலங்களான கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்களிலிருந்து செய்த ஒரு பொருள்தான். அதற்காகத் தேங்காயெண்ணெய் குடித்தால் பலன் உண்டு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே கொழுப்பு வெறும் வண்டி. நோயோடு அதற்கு நேரடிச் சண்டை கிடையாது.

புற்றுநோய்க்குக் கொழுப்பு எதற்கு?

நோயோடு நேரடியாகச் சண்டை போடுகிற கொழுப்பமிலம் பற்றித்தான் ஆராய்ச்சியாளர்கள் பேசுகிறார்கள். அதைப் புரிந்துகொள்ள, புரோஸ்டேட் புற்றுநோயின் பசியைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான புற்றுநோய்கள் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னும். சர்க்கரையைப் போன்ற பொருளை ஊசியில் ஏற்றி எடுக்கிற பெட் ஸ்கேன் அந்தப் பசியை வைத்துத்தான் நோயைக் காட்டுகிறது. ஆனால் புரோஸ்டேட் புற்றுநோய் ஆரம்ப நிலையில் அந்த ஸ்கேனில் பல நேரம் மங்கலாகத்தான் தெரியும். அதன் தீனி பெருமளவு கொழுப்பு. அதனால்தான் இந்த நோய்க்கு பி.எஸ்.எம்.ஏ. என்ற வேறு வகை பெட் ஸ்கேன் எழுதுகிறார்கள்.

1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ், விதையை நீக்கி ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்த நோய் அடங்குகிறது என்று காட்டினார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் விதை நீக்கும் அறுவையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற லியூப்ரோலைடு போன்ற ஊசியோதான் முற்றிய நோயில் சிகிச்சையின் அடித்தளம். ஆண் ஹார்மோன் செல்லுக்குள் போய்ச் செய்கிற வேலைகளில் ஒன்று, கொழுப்பு செய்கிற இயந்திரத்தை முடுக்குவது. கொழுப்பமில சிந்தேஸ் என்ற நொதி இரண்டு கார்பன் துண்டுகளை எட்டு எண்ணம் கோத்து, 16 கார்பன் நீளமுள்ள பால்மிட்டிக் அமிலத்தைச் செய்கிறது. வயது வந்தவர் உடம்பில் பல செல்களுக்கு இந்த வேலை அதிகம் தேவையில்லை. சாப்பாட்டிலிருந்து வருவதே போதும். புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்லிலோ இந்த நொதி எக்கச்சக்கம். ஹார்மோனை அடைத்த பிறகும் சில செல்கள் வேறு வழியில் அதை மறுபடி ஓடவிட்டுக்கொள்கின்றன. மருந்து கேட்காமல் போகிற கட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் அந்த நொதியை அடைத்துவிடலாமே? உடல் எடை குறைக்கக் கடையில் கிடைக்கிற ஓர்லிஸ்டாட் அந்த நொதியை அடைக்கிறது என்று 2004-ல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். “ஏற்கெனவே இருக்கிற மருந்து” என்றதும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் வாயால் விழுங்குகிற ஓர்லிஸ்டாட் குடலிலேயே நின்றுவிடும். இரத்தத்துக்கு ஏறக்குறைய வராது. புரோஸ்டேட்டுக்குப் போய்ச் சேராத மருந்து அங்கே வேலை செய்யாது. குடலில் அது செய்கிற வேலையோ கொழுப்பைச் செரிக்கவிடாமல் தள்ளுவது. வயிற்றுப்போக்கு வரும், கொழுப்பில் கரைகிற வைட்டமின்கள் குறையும், கூடப் போடுகிற மருந்துகளின் அளவும் குழம்பும். இதை வாங்கி வைத்தியம் பார்க்க வேண்டாம்.

இரத்தத்தில் சேருகிற புது அடைப்பான்கள் வந்திருக்கின்றன. அவற்றில் டெனிஃபான்ஸ்டாட் என்ற மருந்தை என்சாலூட்டமைடோடு சேர்த்துக் கொடுக்கும் முதல் கட்டச் சோதனை அமெரிக்காவில் தொடங்கப்பட்டிருக்கிறது. தோலுக்கும் கண்ணுக்கும் எண்ணெய்ப் பசை தருவது இதே நொதி. ஆகையால் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் உரிதல், முடி கொட்டுதல், கண் வறட்சி என்று பக்கவிளைவுகள் வரும்.

இன்னொரு சிக்கல். உள்ளே கொழுப்பு செய்வதை அடைத்தால் செல் வெளியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதற்கு சிடி36 என்ற வாசல் இருக்கிறது. 2019-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, இந்த வாசலை அடைத்தால் எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைவதைக் காட்டியது. கிணற்றை மட்டும் மூடினால் போதாது, வாய்க்காலையும் மூட வேண்டும் என்பது சம்சாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மீன் எண்ணெய் ஏன் கட்டியைக் கொல்லக்கூடும்?

செல் தானாகச் செய்துகொள்கிற பால்மிட்டிக் அமிலம் நிறைவுற்றது, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாதது; எளிதில் கெடாது. மீன் எண்ணெயின் டி.எச்.ஏ. அமிலத்தில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் இருக்கிற ஹைட்ரஜன் சட்டென்று கழன்றுவிடும். அங்கே ஆக்சிஜன் ஒட்டினால் பக்கத்து மூலக்கூறும் கெடும், அதற்கடுத்ததும் கெடும். பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிற அதே வேதியியல்தான். செல்லின் சவ்வில் இது நடந்தால், அங்கே இரும்பும் இருந்தால், சவ்வு கிழிந்து செல் சாகும். இந்தச் சாவுக்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயர். ஜி.பி.எக்ஸ்.4 என்ற காவல் நொதி சாதாரணமாக இதைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

புற்றுநோய்ச் செல் தனக்கென்று நிறைவுற்ற கொழுப்பைச் செய்து சவ்வில் அடுக்கிக்கொள்வது ஒருவகையில் தற்காப்பு. 2020-ல் அடிலெய்டிலும் கிளாஸ்கோவிலும் தனித்தனியாக இரண்டு குழுக்கள், எளிதில் கெடுகிற கொழுப்பமிலங்களை எரித்துத் தீர்க்கும் டி.இ.சி.ஆர்.1 என்ற நொதி புரோஸ்டேட் புற்றுநோயில் கூடுதலாக இருப்பதைக் கண்டன. அதை அடைத்தால் கெடுகிற கொழுப்பு செல்லுக்குள் தேங்கி, செல் சாகிறது. இதிலிருந்துதான் இந்தச் சேர்க்கை யோசனைக்கு உயிர் வருகிறது: ஒரு கையால் தற்காப்பை உடைக்கிற மருந்து, மறு கையால் கெடக்கூடிய கொழுப்பமிலம்.

யோசனை அழகானது. ஆனால் கண்ணாடித் தட்டில் செல்களுக்கு டி.எச்.ஏ.வை நேராக ஊற்றுகிறார்கள். மனித இரத்தத்தில் கொழுப்பமிலம் ஆல்புமின் என்ற புரதத்தில் ஒட்டியே போகிறது. சும்மா மிதப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தட்டில் கிடைத்த பலன் உடம்பில் அப்படியே கிடைக்காமல் போக இதுவே பெரிய காரணம். டி.எச்.ஏ.வை பாக்லிடாக்செல் மருந்தோடு வேதியியல் முறையில் ஒட்டிய ஒரு கூட்டு மருந்தும் இப்படித்தான் ஆனது. கட்டி கொழுப்பை இழுக்கும்போது மருந்தும் உள்ளே போகும் என்பது கணக்கு. தோல் மெலனோமா நோயில் மூன்றாம் கட்டச் சோதனையில் அது பழைய மருந்தான டகார்பசினை வெல்லவில்லை.

இங்கே வைட்டமின் ஈ பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபெரோப்டோசிஸை நிறுத்துவதில் கெட்டிக்காரன் வைட்டமின் ஈதான். மீன் எண்ணெய் கெடாமல் இருக்கப் பல கேப்சூல்களில் அதையே சேர்த்திருக்கிறார்கள். தீ வைக்கப் போகிறவன் கையில் தண்ணீர் வாளியும் இருப்பது போல. சேர்க்கிற அளவு சிறியதுதான். ஆனால் தனியாக 400 யூனிட் வைட்டமின் ஈ மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். 35,533 ஆண்கள் சேர்ந்த செலக்ட் என்ற பெரிய சோதனையில், அந்த அளவு வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது என்று 2011-ல் அறிவித்தார்கள்.

மனிதர்களில் என்ன தெரிந்திருக்கிறது?

2024 டிசம்பரில் வெளிவந்த கேப்ஃபிஷ்-3 சோதனையைத்தான் இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஆபத்துக் குறைந்த புரோஸ்டேட் புற்றுநோய்; அறுவையோ கதிர்வீச்சோ இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருக்கிற 100 பேர். ஒரு பாதி ஓராண்டு, சமையல் எண்ணெய்களில் நிறைய இருக்கிற ஒமேகா-6 கொழுப்பமிலத்தைக் குறைத்து, மீனில் இருக்கிற ஒமேகா-3 வகையைக் கூட்டிச் சாப்பிட்டு, மீன் எண்ணெய் கேப்சூலும் எடுத்தது. மறு பாதி வழக்கம்போல. பயாப்சி என்ற சதைத் துணுக்குப் பரிசோதனையில், பெருகிக்கொண்டிருக்கும் செல்களைக் காட்டுகிற கே.ஐ.-67 அளவு முதல் குழுவில் சுமார் 15 சதவீதம் இறங்கியது. மற்றதில் சுமார் 24 சதவீதம் ஏறியது.

நல்ல செய்திதான். ஆனால் கட்டி எவ்வளவு முரட்டுத்தனமானது என்று காட்டுகிற க்ளீசன் தரத்தில் வித்தியாசம் இல்லை. இந்த 100 பேரில் யாருக்கும் நோய் பரவியிருக்கவில்லை. ஹார்மோன் மருந்தும் கூட இல்லை. எலும்புக்குப் பரவிய பிறகு முதுகுவலி என்று வருகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். அவர்களுக்கு இந்த முடிவைப் பொருத்திப் பேச ஆதாரம் இல்லை.

எதிர்ப்பக்கச் சான்றுகளும் உண்டு. செலக்ட் சோதனையில் சேர்ந்தவர்களின் இரத்தத்தை 2013-ல் ஆராய்ந்தபோது, ஒமேகா-3 மிக அதிகமாக இருந்தவர்களுக்கு இந்த நோய் 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. அது ஒரே ஒருமுறை எடுத்த இரத்தம். காரணம் இதுதான் என்று நிரூபிக்காது. 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் சோதனையில் நாளுக்கு ஒரு கிராம் ஒமேகா-3 கொடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை. கொழுப்பமிலத்திலிருந்து அழற்சிப் பொருள் உருவாவதைத் தடுக்கிற செலிகாக்சிப் வலி மாத்திரையை, டி.எச்.ஏ.வோடு சேர்த்து ஆய்வகத்தில் பார்த்தபோது பலன் தெரிந்தது. மனிதர்களில் அதைத் தனியாக ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்துப் பார்த்த பிரிட்டனின் ஸ்டாம்பீட் சோதனை, நோய் திரும்புவது தள்ளிப்போகவில்லை என்று 2012-ல் சொல்லிவிட்டது. அதே சோதனைதான் பிறகு டோசிடாக்செலும் அபிராடெரோனும் ஆயுளை நீட்டுவதைக் காட்டியது. அதனால் எந்தச் சேர்க்கை வந்தாலும் இந்த மருந்துகளின் இடத்தை அது பிடிக்க முடியாது. அவற்றோடு கூடத்தான் வர முடியும். மருந்தை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய்க்குப் போகிறவர், நிரூபணமானதை விட்டு நிரூபணமாகாததைப் பிடிக்கிறார்.

மீன் எண்ணெய் மருந்தைக் கெடுக்கிற நேரம்

இது பலருக்குத் தெரியாது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011-ல் எலிகளில் கண்டது: சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகைக் கீமோ மருந்துகளின் வேலையை ஒரு தனி ஒமேகா-3 கொழுப்பமிலம் முறித்துவிடுகிறது. அதில் 16 கார்பன், நாலு இரட்டைப் பிணைப்பு. மிகச் சிறிய அளவே போதும். கடைகளில் விற்கிற மீன் எண்ணெய்களிலும் அது இருந்தது. 2015-ல் அதே குழு, மீன் எண்ணெய் எடுத்த மனிதர்களின் இரத்தத்திலும் அது ஏறுவதைக் காட்டியது. ஹெர்ரிங், மேக்கரல் மீன் சாப்பிட்டாலும் ஏறியது. இவை நம் சாளைக்கும் (மத்தி) அயிலைக்கும் உறவான மீன்கள். மனிதர்களில் சிகிச்சை தோற்றதாகக் காட்டவில்லை. ஆனால் எச்சரிக்கைக்கு அது போதும். ஊசிக்கு முந்தின நாளிலிருந்து மறுநாள் வரை மீன் எண்ணெய் வேண்டாம் என்பது அவர்கள் சொன்ன யோசனை. புரோஸ்டேட் புற்றுநோயில் எல்லோருக்கும் பிளாட்டினம் கொடுப்பதில்லை. வேகமாகப் பரவுகிற சில வகைகளுக்கும், பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ள சிலருக்கும் கார்போபிளாட்டின் கொடுப்பார்கள். உங்கள் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் கேப்சூலை வீட்டில் வைத்துவிட்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, இதயம். 2021-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு 49 சதவீதம் அதிகம். அதற்குக் குறைவாக எடுத்தவர்களுக்கு 12 சதவீதம். ஹார்மோன் சிகிச்சையே சர்க்கரையையும் இடுப்புக் கொழுப்பையும் கூட்டி இதயத்துக்குப் பாரம் ஏற்றுகிறது. அபிராடெரோனில் துடிப்புக் கோளாறு ஆபத்தும் உண்டு. எழுபது வயதுக்கு மேல், ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் அது சிறிய விஷயமில்லை. படபடப்பு, திடீர் மயக்கம், காரணமில்லாத மூச்சிரைப்பு வந்தால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்களும், பயாப்சிக்குத் தேதி குறித்தவர்களும் மீன் எண்ணெய் எடுப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “அது மருந்தில்லையே, சத்து மாத்திரைதானே” என்று சொல்லாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு.

சாளையும் எண்ணெய்ப் போத்தலும்

கேப்சூல் வாங்குவதென்றால் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். “1000 மி.கி.” என்பது எண்ணெயின் எடை. பின்பக்கத்தில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 வகைகளின் எண்களைக் கூட்டுங்கள். சாதாரண கேப்சூலில் 180-ம் 120-ம். மொத்தம் 300 மி.கி. ஒரு கிராம் ஒமேகா-3 வேண்டுமென்றால் மூன்றுக்கு மேல் விழுங்க வேண்டும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த டப்பா சீக்கிரம் கெடும். ஒரு கேப்சூலை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். மீன் வாடை இருக்கலாம், சிக்கு வாடை இருந்தால் டப்பாவையே தூக்கிப் போடுங்கள்.

ஆளி விதை மீன் எண்ணெய்க்கு ஈடு என்பதும் சரியில்லை. அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3 இருப்பது உண்மை. ஆனால் அது குட்டையான வகை. உடம்பு அதை டி.எச்.ஏ.வாக மாற்றுவது மிகமிகக் குறைவு.

உவரியிலிருந்தும் இடிந்தகரையிலிருந்தும் வருகிற சாளை, கொழுப்பு ஏறியிருக்கிற பருவத்தில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் தரும். கேப்ஃபிஷ் சோதனையில் பாதி வேலை மீன் எண்ணெய் கூட்டுவது. மறு பாதி ஒமேகா-6 குறைப்பது. சாளையைச் சூரியகாந்தி எண்ணெயில் முழுக முழுகப் பொரித்தால் இரண்டாவது பாதி கெட்டுப் போகிறது. சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய அறுபது சதவீதம் லினோலிக் அமிலம், அதுதான் ஒமேகா-6. நல்லெண்ணெயில் நாற்பது, கடலை எண்ணெயில் முப்பதுக்கு அருகில். புளிக்குழம்பில் வேகவைத்த சாளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மத்தியானச் சாப்பாட்டில் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். அதிகாலை ஐந்தரைக்குப் போட்ட அபிராடெரோன் அதற்குள் குடலைத் தாண்டியிருக்கும்.